எடை போட்டுப் புரதத்தை அடையாளம் காண்பது எப்படி?

[திரையில்: நுண்ணோக்கியில் இதயத் தசையின் மெல்லிய சீவல். ஒளியை மாற்றியதும் சில திட்டுகள் ஆப்பிள் பச்சையாக மின்னுகின்றன.]

இது ஒரு நோயாளியின் இதயத் தசை. காங்கோ சிவப்பு என்ற சாயத்தை ஏற்றி, முனைவாக்கிய ஒளியில் பார்த்தால் பச்சையாகத் தெரியும் இந்தத் திட்டுகளின் பெயர் அமிலாய்டு. ஏதோ ஒரு புரதம் வடிவம் குலைந்து, நார்நாராகத் திரண்டு, தசைக்குள் படிந்துவிட்டது. எந்தப் புரதம்? மனித உடலில் இப்படிப் படியக்கூடியவை 30க்கும் மேல். நுண்ணோக்கியில் எல்லாமே ஒரே பச்சைதான்.

மருத்துவருக்கு அது போதாது. படிந்திருப்பது எதிர்ப்பொருளின் சிறிய பகுதியான இலகு சங்கிலி என்றால், அதைச் சுரக்கும் எலும்பு மஜ்ஜைச் செல்களை அழிக்க மருந்து தர வேண்டும். டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் என்றால் வழியே வேறு: அது பிரிந்துபோகாமல் தாங்கிப் பிடிக்கும் டஃபாமிடிஸ் போன்ற மருந்து. மாறிப்போனால், தேவையே இல்லாத கீமோதெரபியை ஒருவர் தாங்க நேரிடும்.

இங்கேதான் நிறை நிறமாலைமானி வருகிறது. ஆய்வகங்களில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றே சொல்வார்கள். அது புரதத்தைப் பார்ப்பதில்லை, எடை போடுகிறது.

[திரையில்: லேசர் கதிர் பச்சைத் திட்டை மட்டும் வெட்டி எடுக்கிறது.]

முதலில், லேசரால் அந்தத் திட்டுகளை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். பிறகு டிரிப்சின் என்ற நொதியைச் சேர்க்கிறார்கள். நம் குடலில் உணவுப் புரதத்தை வெட்டுகிற அதே வகை நொதி. அது கண்ட இடத்தில் வெட்டாது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களை அடுத்து மட்டுமே வெட்டும். எனவே ஒரு புரதத்தின் வரிசை தெரிந்தால், அது எந்தெந்தத் துண்டுகளாக உடையும், ஒவ்வொன்றும் என்ன எடை இருக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். இந்தத் துண்டுகளைப் பெப்டைடுகள் என்கிறோம்.

எடை போட வேண்டுமானால் துண்டு வெற்றிடத்தில் பறக்க வேண்டும், மின்னூட்டமும் ஏற வேண்டும். பல காலம் இதுதான் முட்டுக்கட்டையாக இருந்தது. சூடாக்கினால் புரதம் ஆவியாவதற்கு முன்பே கருகிவிடும். 1980களில் இரண்டு வழிகள் பிறந்தன. அமெரிக்காவில் ஜான் ஃபென், உயர் மின்னழுத்தம் தந்த ஊசிமுனை வழியே கரைசலைத் தெளித்தார். துளிகள் உலர உலர, மின்னூட்டம் மூலக்கூறின் மேலேயே தங்கிவிடும். ஜப்பானில் கொய்ச்சி தனகா, லேசரின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு கலவைக்குள் புரதத்தை வைத்து, லேசரால் கிளப்பினார். 2002 வேதியியல் நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு உண்டு. தனகா முனைவர் பட்டம் பெறாதவர், ஷிமாட்சு நிறுவனத்தின் பொறியாளர். நுண்ணிய உலோகத் தூளில் கிளிசரினைத் தவறுதலாகக் கலந்துவிட்டு, வீணாக்க மனமில்லாமல் அதையே சோதித்துப் பார்த்ததில்தான் வழி திறந்தது. சிக்கனத்துக்குக் கிடைத்த நோபல் என்றும் சொல்லலாம்!

[திரையில்: வரைபடத்தில் கூர்மையான முகடுகள். ஒரு முகட்டுக் கூட்டம் பெரிதாகிறது.]

ஒரு நுணுக்கம். கருவி அளப்பது வெறும் நிறையை அல்ல, நிறையை மின்னூட்டத்தால் வகுத்த எண்ணை. இரண்டு மின்னூட்டம் ஏறிய துண்டு பாதி எடைபோலத் தெரியும். அப்படியானால் உண்மையான எடை? இந்த முகடுகளின் இடைவெளியைக் கவனியுங்கள். இயற்கையில் சில கார்பன் அணுக்கள் மட்டும் ஒரு அலகு கூடுதல் எடையுள்ளவை. அதனால் ஒவ்வொரு பெப்டைடும் சிறு முகட்டுக் கூட்டமாகவே தெரியும். இடைவெளி ஒன்று என்றால் ஒரு மின்னூட்டம், அரை என்றால் இரண்டு.

எடை மட்டும் போதாது. வேறு வேறு பெப்டைடுகளுக்கு ஒரே எடை வரலாம். எனவே கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாயு மூலக்கூறுகளோடு மோதவிட்டு உடைக்கிறது. உடைந்தவை, ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு அமினோ அமிலம் கூடுதலாக, படிப்படியாக வரிசையில் நிற்கும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 57 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வித்தியாசம் என்றால் அங்கே இருப்பது கிளைசின். 71 என்றால் அலனின், 99 என்றால் வேலின், 129 என்றால் குளூட்டாமிக் அமிலம். லியூசினும் ஐசோலியூசினும் மட்டும் துல்லியமாக ஒரே எடை. அங்கே இந்த முறை கைவிரிக்கும்.

அரிவாள் செல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அவற்றில் ஒரே ஒரு குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் வந்து உட்கார்கிறது. 129 போய் 99. சுமார் 15,900 டால்டன் எடையுள்ள சங்கிலியில் வெறும் 30 குறைகிறது. கருவி அதைத் தவறவிடாது.

[திரையில்: கணினியில் வரிசைகள் ஓடுகின்றன. சில வரிசைகள் தலைகீழாகத் திரும்புகின்றன.]

கிடைத்த எண்களை, மனிதனின் சுமார் 20,000 மரபணுக்களிலிருந்து கணித்த புரதப் பட்டியலோடு கணினி ஒப்பிடுகிறது. தற்செயலாகப் பொருந்திவிட்டால்? எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இங்கேதான் இருக்கிறது. உண்மையான வரிசைகளைத் தலைகீழாகத் திருப்பி, உலகில் இல்லாத பொய்ப் புரதங்களையும் பட்டியலில் கலந்துவிடுவார்கள். பொய்யோடு எத்தனை பொருந்துகின்றன என்று பார்த்தாலே, மெய்யிலும் எவ்வளவு பிழை இருக்கும் என்று மதிப்பிடலாம். வழக்கமாக 1 சதவீதத்துக்கு மேல் விடமாட்டார்கள்.

பட்டியலில் கெரட்டின் அடிக்கடி தலைகாட்டும். பெரும்பாலும் அது நோயாளியுடையது அல்ல. ஆய்வாளரின் தோலும் முடியும் உதிர்ந்து கலந்தது.

நம் இதயத் தசைக்கு விடை கிடைத்துவிட்டது. பட்டியலின் உச்சியில் டிரான்ஸ்தைரெட்டின். கீமோதெரபி வேண்டாம்.

[திரையில்: இரத்தக் குழாய். ஒரே ஒரு புரதம் பாதித் திரையை அடைத்துக்கொள்கிறது.]

“இது என்ன?” என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவாக விடை தரும் கருவியிடம், “இவருக்கு நோய் இருக்கிறதா?” என்று இரத்தத்தைக் காட்டிக் கேட்டால் நிலைமை மாறுகிறது. பிளாஸ்மா என்ற இரத்தத் திரவத்தில் உள்ள புரதத்தின் எடையில் ஏறத்தாழ பாதி அல்புமின். அழற்சியைக் காட்டும் இன்டர்லியூக்கின்-6 போன்றவையோ அதைவிட ஆயிரம் கோடி மடங்கு குறைவு. சும்மா அளந்தால் கருவி அல்புமின் துண்டுகளிலேயே நேரத்தைக் கழித்துவிடும்.

2002-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை பரபரப்பை ஏற்படுத்தியது. சீரத்தின் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் திரவத்தின்) முகட்டுக் கோலத்தை வைத்தே, சோதித்த 50 சினைப்பைப் புற்றுநோயாளிகளையும் ஒருவர் விடாமல் கண்டுபிடித்ததாக அது சொன்னது. எந்தப் புரதம் என்று பெயர் சொல்லவில்லை, கோலம் மட்டும்தான். புள்ளியியலாளர் கீத் பேகர்லியும் உடன் பணியாற்றியவர்களும் அந்தத் தரவுகளை மறுபடி அலசினார்கள். முடிவுகளை மறுபடி பெற முடியவில்லை. மாதிரிகளைக் கையாண்ட விதத்தில் இருந்த வேறுபாட்டைக்கூடக் கணினி நோயாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று காட்டினார்கள். பெயரில்லாத முகட்டை நம்பி நோய் சொல்லக் கூடாது என்ற எச்சரிக்கை அதன் பிறகு வலுத்தது.

[திரையில்: அருகருகே இரண்டு முகடுகள், ஒன்று சற்றே கனமானது.]

இப்போது வழி வேறு. தேடும் பெப்டைடை முன்பே முடிவுசெய்து, அதையே கனமான கார்பன், நைட்ரஜன் அணுக்களால் செயற்கையாகச் செய்து, தெரிந்த அளவில் மாதிரியில் சேர்க்கிறார்கள். இரண்டும் ஒன்றாகவே பயணிக்கும், எடையில் மட்டும் பிரியும். உயரங்களின் விகிதமே அளவைச் சொல்லிவிடும். அல்சைமர் நோய்க்கான இரத்தப் பரிசோதனை ஒன்று இப்படித்தான் பீட்டா அமிலாய்டு என்ற பெப்டைடின் 42, 40 அமினோ அமிலங்கள் கொண்ட இரு வடிவங்களையும் அளக்கிறது. மூளையில் அமிலாய்டு படிந்தவர்களின் மூளைத் தண்டுவடத் திரவத்தில் 42-க்கும் 40-க்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கும். இரத்தத்திலோ குறைவு 10 முதல் 20 சதவீதம்தான். கருவி லேசாகத் தடுமாறினாலும் அந்த வித்தியாசம் கரைந்துபோகும். அதனால்தான் இரண்டு வடிவங்களையும், அவற்றின் கனமான இணைகளையும் ஒரே ஓட்டத்தில் அளக்கிறார்கள்.