கிளார்க் கீ பக்கத்துல ரெண்டு ராத்திரி

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டவங்க என்கிட்ட முதல்ல கேக்குறது, எங்க தங்குறதுன்னுதான். நம்ம ஆளுங்க பெரும்பாலும் லிட்டில் இந்தியாவுல ரூம் போட்டுருவாங்க, காலையில இட்லி கிடைக்கும், முஸ்தபா கடை நடக்கிற தூரம், நானும் அப்படித்தான் பல தடவை தங்கியிருக்கேன். ஆனா ரெண்டே ரெண்டு ராத்திரியாவது கிளார்க் கீ பக்கத்துல, ஆத்தங்கரையில, கொஞ்சம் வசதியான ஹோட்டலா பாத்து தங்குங்கன்னு கேட்டுக்கத்தான் இன்னைக்கு இங்க நிக்கிறேன். ரயில்ல லிட்டில் இந்தியாவுலேர்ந்து ரெண்டாவது ஸ்டேஷன், அவ்வளவுதான் தூரம்.

வசதியானதுன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. முதல் தடவை காசு மிச்சம் பண்றேன்னு பாட்டுக்கடை வரிசைக்கு நேர் மேல ஒரு சின்ன லாட்ஜுல தங்கினேன், ராத்திரி மூணு மணி வரைக்கும் ட்ரம்ஸ் சத்தம், கட்டில் கூட அதிருது, மறுநாள் முழுக்க தலைவலி. அடுத்த தடவை ரெண்டு தெரு தள்ளி, உயரமான மாடியில, ரெட்டைக் கண்ணாடி போட்ட ஜன்னல் இருக்குற ரூம். திரையை விலக்கினா கீழ வெளிச்சமும் கூட்டமும் அப்படியே ஓடுது, ஆனா ஒரு சத்தம் காதுல விழாது. குளிச்சிட்டு அந்த ஜன்னல் ஓரமா உக்காந்து கால் மணி நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறமா செருப்பை மாட்டிக்கிட்டு கீழ இறங்கினேன், அலுத்துப்போச்சுன்னா அஞ்சு நிமிஷத்துல திரும்பிடலாம்ங்கிற தைரியம் இருந்தா ஊரை நிதானமா பாக்க முடியுது.

இப்ப அந்த இடத்தைப் பத்தி சொல்றேன். இன்னைக்கு பப், ரெஸ்டாரண்ட்டுன்னு கலர் கலரா நிக்கிற கட்டடம் எல்லாம் ஒரு காலத்துல சரக்கு குடோன். கீன்னா படகுத்துறை. 1873லேர்ந்து 1875 வரைக்கும் இங்க பிரிட்டிஷ் கவர்னரா இருந்த ஆண்ட்ரூ கிளார்க் பேரைத்தான் வச்சாங்க. பெரிய கப்பல் வெளியில கடல்ல நிக்கும், அங்கேர்ந்து சரக்கை தொங்கான்ங்கிற சரக்குப் படகுல ஏத்தி ஆத்துக்குள்ள கொண்டு வருவாங்க, கரைக்கும் படகுக்கும் நடுவுல ஒரு ஒத்தைப் பலகை, முதுகுல மூட்டையோட அதுல நடந்துதான் இறக்கணும். ஆரம்ப காலத்துல இந்தப் படகுகளை ஓட்டினதுல பெரும்பங்கு சூலியாக்கள், அதாவது சோழமண்டலக் கரையிலேர்ந்து போன நம்ம தமிழ் முஸ்லிம்கள், சீனர்கள் கைக்கு அந்தத் தொழில் போனது பின்னாடிதான். போட் கீ பக்கம் இன்னமும் சூலியா ஸ்ட்ரீட் இருக்கு. அந்த போர்டை முதல் தடவை பாத்தப்ப எனக்குத் தொண்டை அடைச்சுது, உண்மையா சொல்றேன். அதே வட்டாரத்துல மார்க்கெட் ஸ்ட்ரீட்ல செட்டியார்களோட கிட்டங்கி இருந்துச்சு, தரையில சம்மணம் போட்டு, முன்னால சின்ன மரப்பெட்டி மேசையை வச்சுக்கிட்டு கடன் குடுத்துக் கணக்கு எழுதின இடம், இப்ப அந்தக் கட்டடம் ஒண்ணும் இல்ல. பாருங்க, கிட்டங்கி, குடோன், மலாய்ல குடாங், எல்லாம் ஒரே குடும்பத்துச் சொல்லு.

ராத்திரிக் கொண்டாட்டம்கிறது அங்க நேத்து வந்ததுன்னு நினைச்சுராதீங்க. 1889ல திறந்த ரீட் பாலம்னு ஒண்ணு இருக்கு, நீங்க கண்டிப்பா அதுமேல நிக்கணும். வேலை முடிஞ்ச படகுக்காரங்களும் கூலி ஆளுங்களும் சாயங்காலம் அங்க கூடுவாங்க, தியோச்சோங்கிற சீன பாஷையில கதை சொல்றவர் ஒருத்தர் வந்து உக்காருவார். அந்தக் காலத்துக் கதைக்காரங்க ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வச்சுட்டுத்தான் ஆரம்பிப்பாங்களாம், பத்தி எரிஞ்சு முடியுற நேரத்துல கதையும் ஒரு சிக்கலான கட்டத்துக்கு வந்திருக்கும், அங்க நிறுத்திட்டு காசு வசூல், காசு விழுந்தாத்தான் அடுத்த பத்தி. எழுதப் படிக்கத் தெரியாம, குடும்பத்தை ஊர்ல விட்டுட்டு வந்து மூட்டை தூக்கின மனுஷனுக்கு அந்த ஒரு பத்தி நேரம் எவ்வளவு பெரிசா இருந்திருக்கும்! கொஞ்சம் தள்ளி ஆர்ட் பாலம், பக்கத்துல கள்ளுக்கடை இருந்ததால டாடி பிரிட்ஜ்னும் அதைச் சொல்லுவாங்க. இப்ப ராத்திரி பத்தரைக்கு மேல பொது இடத்துல குடிக்கக் கூடாதுன்னு 2015லேர்ந்து சட்டம், அதனால கடைக்குள்ளதான் கூட்டம், பாலத்து மேல குடும்பத்தோட தாராளமா நிக்கலாம்.

அந்த ஆறு ஒரு காலத்துல நாத்தம் தாங்காதாம். பத்து வருஷத்துல ஆத்தைச் சுத்தம் பண்ணணும்னு 1977ல அப்ப பிரதமரா இருந்த லீ குவான் யூ சொன்னார், 1987ல செஞ்சு காட்டினாங்க. பன்றிப் பண்ணை, நடைபாதைக் கடை, பட்டறை எல்லாத்தையும் இடம் மாத்துனாங்க, 1983ல படகுகளையும் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பிட்டாங்க. ஆறு சுத்தமாச்சு, ஆனா நூத்தி சொச்சம் வருஷத்துப் பொழப்பு அந்தக் கரையை விட்டே போயிடுச்சு. ரெண்டையும் சேத்துத்தான் நினைக்கணும். அதுக்கப்புறம் பழைய குடோன்களை இடிக்காம பழுதுபாத்து 1993ல கடைவீதியா திறந்தாங்க, அதுக்கு நான் மனசார கும்பிடு போடுவேன்.

ரெண்டு ராத்திரின்னு நான் கேட்டது விடியகாலைக்காகத்தான். சிங்கப்பூர்ல ஏழு மணிக்குத்தான் விடியும். அப்ப இறங்கிப் பாருங்க, நாற்காலி எல்லாம் மேஜை மேல கவுத்தி வச்சிருக்கும், ஒருத்தர் ஹோஸ் பைப்பால தரையைக் கழுவிக்கிட்டு இருப்பார், தண்ணியில டூரிஸ்ட் படகு நிக்கும், அதோட மூக்குல ரெண்டு பக்கமும் பெரிய கண்ணு வரைஞ்சிருக்கும், படகு வழி பாத்துப் போகணும்னு அந்தக் காலத்துலேர்ந்து வரையிறது. அந்த நேரத்துலதான் குடோனோட ஓட்டுக்கூரை, மரக்கதவு எல்லாம் கண்ணுல படும்.

அங்கேர்ந்து அப்படியே டேங்க் ரோட்டுக்கு நடங்க, பத்து நிமிஷம்தான். 1859ல செட்டியார்கள் கட்டின தண்டாயுதபாணி கோயில், தைப்பூசத்துக்கு காவடி வந்து சேர்ற இடம். இப்ப இருக்கிற கட்டடம் 1983ல எழும்பினது. நான் போன அன்னைக்கு காலையில உள்ள ஒரு வயசான அம்மா மட்டும் சரவிளக்கைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எங்க தங்கியிருக்கீங்கம்மான்னு அவங்கதான் கேட்டாங்க, ஆத்தங்கரையிலன்னு சொன்னேன். எங்க அப்பா அங்கதான் மூட்டை தூக்கினாருன்னாங்க.