சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்

(பாளையங்கோட்டையில் தெருக்கிணறு மீட்புக் கூட்டத்தில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வயலில் நடவை விட்டுவிட்டு வந்திருக்கும் முன்னாள் கவுன்சிலர் அண்ணாச்சி அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்ட தம்பி அவர்களே, தாய்மார்களே! அண்ணாச்சிக்குத் துண்டு போட மறந்துபோனோம். கடைசியில் போட்டுவிடுகிறோம், கோபித்துக்கொள்ளக் கூடாது.

டிரை கிளீனிங் மருந்தைப் பற்றி மூன்று சங்கதி சொல்ல வந்தேன். அது என்ன, உடம்பை என்ன செய்யும், சட்டம் என்ன சொல்கிறது.

அதன் பெயர் டெட்ராகுளோரோஎத்திலீன். தொழிலில் இருப்பவர்கள் பெர்க் என்பார்கள். 1821இல் மைக்கேல் ஃபாரடே முதலில் உண்டாக்கினார். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும், தீப்பிடிக்காது. அதனால்தான் துணிக்கும் வந்தது, இரும்புச் சாமான் கழுவவும் வந்தது. ஒரு காலத்தில் கொக்கிப்புழுவுக்கு இதையே மருந்தாகக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள்!

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. அக்கா மகள் கல்யாணம் தென்காசியில். முகூர்த்தப் பட்டு உட்பட ஏழு புடவை அன்று காலையில்தான் டிரை கிளீனிங் கடையிலிருந்து வந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. சித்தி மடியில் மூட்டையாக வைத்துக்கொண்டாள். ஏசி கார், கண்ணாடி ஏற்றியாச்சு. ஆலங்குளம் வருவதற்குள் சித்திக்குத் தலை சுற்றல், கண் சொருகல். "திருஷ்டி, திருஷ்டி" என்று அத்தை அலறினாள். வண்டியை நிறுத்தி, பூசணிக்காய் தேடி ஆள் ஓடினான். அது கிடைக்க முக்கால் மணி நேரம். அதற்குள் வேப்பமரத்தடிக் காற்றில் சித்தி தெளிந்து, "காபி இருக்கா?" என்கிறாள்! ஆனாலும் வாங்கி வந்த காயைச் சுற்றி உடைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். பிறகு கடையில் விசாரித்தால், அன்று துவைத்தது பெர்க்கில். உறையைப் பிரித்து வெயில்படாத காற்றில் ஒருநாள் தொங்கவிட்டிருந்தால் பூசணிக்காய்க் காசு மிச்சம்.

தலைசுற்றல் சின்ன விஷயம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வகைப்படுத்தியிருக்கிறது. துணி வாங்கப் போகும் நமக்கல்ல, வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்துக்கொண்டு மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கும் பையனுக்குத்தான் பெரிய பாடு.

இப்போது கிணற்றுக்கு வருகிறேன். வராமல் எங்கே போவேன்! பெர்க் ஒரு லிட்டர் 1.6 கிலோ எடை. திறந்த வெளியில் ஊற்றினால் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். மண்ணுக்குள் இறங்கியதோ, தண்ணீரையும் தாண்டி அடியில் போய் உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். காற்றில்லாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது வினைல் குளோரைடு என்ற இன்னொரு ரசாயனம் பிறக்கும். அது பெர்க்கைவிடக் கெட்டது. அமெரிக்காவில் குடிநீருக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஐந்து பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு லிட்டர் பெர்க் 32 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்பைத் தொடும் அளவுக்குக் கெடுத்துவிடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

நம் தெருக்கிணற்றைப் பாருங்கள். பக்கத்திலேயே தாமிரபரணி ஓடுகிறது என்ற மெத்தனத்தில் பழைய டயர், பெயிண்ட் டப்பா, ஒர்க்‌ஷாப் கழிவெண்ணெய் எல்லாம் அதற்குள். டப்பாவில் என்ன இருந்தது என்று யார் பார்த்தது? நான்கு வீடு தள்ளி போர்வெல் ஓடுகிறது. மறுபடியும் அதேதான், சட்டியும் அகப்பையும்!

சட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிணற்றடிக்கு வந்துவிடுங்கள். டப்பாக்களை யாரும் கையால் தொட வேண்டாம், மூடியைத் திறந்து மோந்து பார்க்கவும் வேண்டாம். கயிறும் பாதாளக் கரண்டியும் நான் கொண்டுவருகிறேன். தம்பி, அந்தத் துண்டு எங்கே?