ஆறு வருடம் காத்திருந்த எக்ஸ் ஃபைல்ஸ் படம் ஏன் ஏமாற்றியது?

[காட்சி: பனிவெளி. நீளக் கம்புகளோடு வரிசையாக நடக்கும் எஃப்.பி.ஐ. ஆட்கள்]

எங்கு பார்த்தாலும் பனி. கம்பால் குத்திக் குத்திப் பார்த்தபடி நடக்கிறார்கள். நரைத்த முடியோடு ஒரு முன்னாள் பாதிரியார் முன்னால் ஓடுகிறார், ஓரிடத்தில் மண்டியிட்டுத் தோண்டச் சொல்கிறார். உள்ளே வெட்டப்பட்ட ஒரு கை.

2008 ஜூலையில் வந்த 'தி எக்ஸ் ஃபைல்ஸ்: ஐ வாண்ட் டு பிலீவ்' படத்தின் தொடக்கம் இது. அருமையான தொடக்கம். அப்புறம் எங்கே சறுக்கியது?

[காட்சி: மல்டரின் அலுவலகம், பறக்கும் தட்டு போஸ்டர்]

மல்டர், ஸ்கலி என்ற இரண்டு எஃப்.பி.ஐ. ஏஜென்டுகள் விசித்திர வழக்குகளைத் துப்பறியும் அமெரிக்க டிவி தொடர்தான் எக்ஸ் ஃபைல்ஸ். 1993 முதல் 2002 வரை 9 சீசன் ஓடியது. வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய நீண்ட கதை ஒருபக்கம், ஒரே எபிசோடில் முடிகிற அமானுஷ்யக் கதைகள் இன்னொரு பக்கம். கடைசி எபிசோடில் ஒரு தேதி சொன்னார்கள்: 2012 டிசம்பர் 22. அன்றைக்குத்தான் படையெடுப்பு. அதோடு தொடர் அப்போதைக்கு முடிந்துவிட்டது.

ஆறு வருடம் அந்தத் தேதியை மனதில் வைத்திருந்தவர்கள் தியேட்டருக்குப் போனார்கள். தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டரே இயக்கிய படம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. காணாமல் போகும் பெண்கள், உடலுறுப்பு திருடும் கும்பல் என்று ஒரு தனிக்கதை.

தனிக்கதை என்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். தொடரின் மிகச் சிறந்த எபிசோடுகள் பல அந்த வகைதான். ஆனால் அவை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இங்கே அதே சரக்கை 104 நிமிடத்துக்கு இழுத்திருக்கிறார்கள்.

போதாததற்கு, பெரும் வெற்றி பெற்ற பேட்மேன் படம் 'தி டார்க் நைட்' வந்து சரியாக ஒரு வாரத்தில் ரிலீஸ். 3 கோடி டாலர் செலவு, அமெரிக்க வசூலோ சுமார் 2.1 கோடி.

[காட்சி: மருத்துவமனை. சிறுவனின் படுக்கையருகே ஸ்கலி]

எனக்கு வலிப்பது வேறு. இந்தப் படத்துக்குள்ளேயே ஒரு நல்ல படம் இருக்கிறது. எஃப்.பி.ஐ.யை விட்டுவிட்ட ஸ்கலி இப்போது மருத்துவமனையில் மருத்துவர். தீராத மூளை நோயோடு ஒரு சிறுவன். சிகிச்சை வேண்டாம் என்கிறது நிர்வாகம். "விட்டுவிடாதே" என்று அந்தப் பாதிரியார் ஸ்கலியிடம் சொல்கிறார். சிறார்களிடம் மன்னிக்க முடியாத குற்றம் செய்த மனிதர் அவர். அவர் வாயிலிருந்து வரும் வார்த்தையை நம்புவதா? ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால், அவருக்கே தெரியவில்லை.

ஒன்பது சீசன் ஸ்கலி சுமந்த கேள்வி அது. முழுப் படத்தையும் அந்தப் படுக்கையருகே வைத்து எடுத்திருக்கலாம். கேமராவோ மறுபடி மறுபடி பனியில் கும்பலைத் துரத்தப் போய்விடுகிறது.