அலும்னி என்றால் யார்?

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, அதிபர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, பிள்ளையார் கோயில் பரிபாலன சபையினரே, பங்குத்தந்தை அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, லண்டன், ரொறன்ரோ கிளைகளில் இருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இந்த வெயிலுக்கு அதை மடித்து வைத்துவிட்டேன், குறை நினைக்க வேண்டாம்.

மூன்று விடயம் சொல்ல வந்தேன். பின்னால் தொங்கும் பதாகையில் பழைய மாணவர் என்ற பொருளில் இருக்கும் 'அலும்னி' என்ற சொல் எங்கே பிறந்தது, ஆங்கிலத்துக்கு எப்படி வந்தது, எங்கள் சங்கங்கள் எப்படி வளர்ந்தன.

இலத்தீனில் 'அலேரே' என்றால் ஊட்டி வளர்த்தல். அதிலிருந்து வந்தவன் 'அலும்னுஸ்'. பெற்றவர் வேறு, சோறு போட்டு வளர்த்தவர் வேறு என்று இருக்கும் பிள்ளைக்கு உரோமர் வைத்த பெயர் அது. வளர்ப்புப் பிள்ளை. மாணவன் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஒருவன் அலும்னுஸ், ஒருத்தி அலும்னா, பலர் சேர்ந்தால் அலும்னி. விவாகரத்து வழக்கில் கேட்கிறார்களே ஜீவனாம்சம், 'அலிமனி', அதுவும் இதே வேரில் முளைத்ததுதான். வளர்ந்தவரைச் சொல்லும் 'அடல்ட்' கூட அப்படித்தான். படித்த இடத்தைச் சொல்லும் 'அல்மா மாட்டர்' என்பதற்கு ஊட்டும் தாய் என்று பொருள். விளைச்சலுக்கு உரிய தேவதையான செரஸை உரோமக் கவிஞர் 'அல்மா' என்று அழைத்தார்கள். 1088இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழகம் இன்றும் தன் பெயரிலேயே 'அல்மா மாட்டர்' என்பதை வைத்திருக்கிறது.

பாருங்கள், சொல் முழுக்கச் சோறுதான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று எங்கள் ஆச்சிமார் சொன்னதும் இதைத்தான்.

இந்த இடத்தில் ஒரு கதை. நான் படித்த பள்ளிக்கூடத்தில், பெயர் வேண்டாம், பத்து மணிக்குப் பெட்டியில் பணிஸ் வரும். வாசம் கேற்றடியில் வரும்போதே கணக்குப் பாடம் செத்துவிடும். ஒரு நாள் பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் அதிகாரி, வித்தியாதரிசி, வந்தார். வெள்ளை லோங்ஸ், கையில் குடை. வாத்தியார் முதல் நாளே எங்களுக்கு எண்ணெய் வைத்துத் தலை இழுத்து, கெட்டிக்காரரை முன்வாங்கில் இருத்தியிருந்தார். வித்தியாதரிசி நேரே பின்வாங்குக்குப் போய் ஒரு பொடியனை எழுப்பினார். "தம்பி, முப்பது பணிஸ் வருது. முன்வாங்குக்குப் பதினெட்டுக் குடுத்தால் மிச்சம் எத்தனை?" பொடியன் யோசிக்கவே இல்லை. "ஒண்டும் மிஞ்சாது சேர்." "ஏன்?" "பின்வாங்குக்கு வர முன்னமே முடிஞ்சு போம் சேர்!" வகுப்பே சிரித்தது. வாத்தியார் யன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். வித்தியாதரிசி சிரிக்கவில்லை, கொப்பியில் ஏதோ எழுதினார். அடுத்த கிழமை இரண்டு பெட்டி வந்தது. அந்தப் பொடியன் இப்போது கனடாவில் பெரிய ஆள். பெயரைச் சொன்னால் அடிக்க வருவான்.

சரி, விடயத்துக்கு வருகிறேன். 1848இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் பெருமான், பின்னர் 1870களில் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டியும் வைத்தார். எழுத்தும் கஞ்சியும் ஒரே கையால் வந்தன. நாங்களோ பள்ளிக்கூட வாசலில் வளைவு கட்டுகிறோம். அதற்குக் கல்வெட்டு, திறப்புவிழா, மலர், அந்த மலரில் எங்கள் படம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது சீமெந்தாலா? காலைக் கூட்டத்தில் வெறும் வயிற்றோடு நின்று மயங்கி விழும் பிள்ளை இன்றைக்கும் இருக்கிறது. ஆசிரியர்களைக் கேளுங்கள்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். புது வளைவுக்குச் சேர்த்த காசைக் காலை உணவுக்கு மாற்றுங்கள். இலைக்கஞ்சி, அவித்த கடலை, கிழமையில் ஒரு நாள் முட்டை. பெரிய சமையல் வேண்டாம், பெற்றோர் முறை வைத்துச் செய்வார்கள். முன்வாங்கு, பின்வாங்கு என்று பாராமல் எல்லாப் பிள்ளைக்கும் போகவேண்டும். உப்பிட்டவரை நினைப்பவர் வேறு என்ன செய்வார்?

மற்ற இரண்டு விடயத்துக்கும் நேரம் இல்லை, தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். பொருளாளர் மண்டப வாசலில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு இருக்கிறார். தேநீர் அவருக்கு அந்தப் பக்கம்தான் வைத்திருக்கிறது, அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். வணக்கம்.