கொரியா கடன் கொடுத்த விதம்

வணக்கம். தென்கொரியாவின் வளர்ச்சி என்றாலே உழைப்பு, கல்வி, ஒழுக்கம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் பொருளாதாரச் செய்தி எழுதியே பழகியவள் என்பதால் என் கண் முதலில் போவது வட்டி விகிதத்துக்கு.

1965 செப்டம்பரில் அங்கே வட்டியை ஒரேயடியாக ஏற்றினார்கள். நீண்டகால வைப்புக்கு வங்கி கொடுத்தது ஆண்டுக்கு 30 சதவீதம். சாதாரணக் கடனுக்கு வாங்கியது 26. ஆமாம், சரியாகத்தான் கேட்டீர்கள், வாங்குவதைவிடக் கொடுப்பது அதிகம்! தனியார் வங்கி என்றால் கடையைக் கட்டியிருக்கும். ஆனால் 1961இல் ராணுவப் புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்த பார்க் சுங்-ஹீ, வங்கிகளை அரசின் கைக்குள் கொண்டுவந்திருந்தார். வெளியே கந்துவட்டிக்குச் சுற்றிக்கொண்டிருந்த பணத்தை வங்கிக்குள் இழுப்பதுதான் நோக்கம். வைப்புத்தொகை மளமளவென்று ஏறியது.

அந்தப் பணம் யாருக்குப் போனது என்பதில்தான் சூட்சுமம். ஏற்றுமதியாளருக்கு வட்டி வெறும் 6.5 சதவீதம். வெளிநாட்டு வியாபாரி சட்டைக்கோ சவுரிமுடிக்கோ ஆர்டர் கொடுத்து, அவருடைய வங்கியிலிருந்து எல்.சி. வந்துவிட வேண்டும். அதாவது, சரக்கை அனுப்பினால் பணம் உறுதி என்று அந்த வங்கி எழுதிக்கொடுக்கும் கடிதம். அந்தத் தாளைக் காட்டினால் கடன் கிடைக்கும். அமைச்சருக்கு வேண்டியவர் என்பதற்காக யாருக்கும் எல்.சி. வராது, பாருங்கள். சரக்கு அமெரிக்கக் கடைக்காரருக்குப் பிடித்திருக்க வேண்டும். சலுகைக் கடன் கொடுக்காத அரசு உலகத்திலேயே கிடையாது. இங்கே தகுதியை முடிவு செய்தவர் நாட்டுக்கு வெளியே இருந்தார். என்னைக் கேட்டால் கொரியா ஜெயித்த இடம் இதுதான். மாதாமாதம் நடந்த ஏற்றுமதிக் கூட்டத்தில் அதிபரே வந்து உட்கார்ந்தார். 1964இல் 10 கோடி டாலரைத் தாண்டிய ஏற்றுமதி, 1977இல் 1,000 கோடியைத் தொட்டது.

அந்தச் சட்டையைத் தைத்தவர்கள் கதை வேறு. சியோல் பியோங்ஹ்வா சந்தையில், நிமிர்ந்து நிற்க முடியாத தாழ்ந்த கூரைக்குக் கீழே சிறுமிகள் தைத்துக்கொண்டிருந்தார்கள். 1970 நவம்பரில் ஜோன் டே-இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி, "நாங்கள் இயந்திரமல்ல" என்று முழங்கித் தீக்குளித்தார். இதை விட்டுவிட்டு ஏற்றுமதிக் கணக்கை மட்டும் பாராட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

அப்புறம் 1973இல் அரசு கனரகத் தொழில் பக்கம் திரும்பியது. இரும்பு, கப்பல், ரசாயனம். கடன் மொத்தம் மொத்தமாகப் பெரிய குழுமங்களுக்குப் போனது. போஹாங் இரும்பாலை அதில் பிரமாதமாக வந்தது, மறுக்கவில்லை. ஆனால் எல்.சி. செய்த வேலையை மெல்ல மெல்ல அரசியல் செல்வாக்கு செய்ய ஆரம்பித்தது. 1997 ஜனவரியில் ஹன்போ ஸ்டீல் மலையளவு கடனோடு விழுந்தபோது, அந்தக் கடனை வாங்க எத்தனை பேருக்கு லஞ்சம் போனது என்பது வழக்கில் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் கொரியா சர்வதேச நிதியமான ஐ.எம்.எஃப்.இடம் கடன் கேட்டுப் போய் நின்றது; டிசம்பரில் ஒப்பந்தம் ஆனது. அந்த ஒப்பந்தத்தில் என்னென்ன நிபந்தனை, யார் தலையில் விடிந்தது என்பதை அடுத்த வீடியோவில் பார்ப்போம்.