வலிக்கவில்லையே, பயிற்சி வீணா?

நேயர்களுக்கு வணக்கம்.

என்னிடம் பயிற்சிக்கு வரும் ஓர் அம்மா, மூன்றாவது வாரம் முகம் வாடி வந்து நின்றார். "முதல் நாள் செய்துவிட்டு இரண்டு நாள் மாடிப்படியைப் பக்கவாட்டில்தான் இறங்கினேன். இப்போது துளி வலிகூட இல்லை. பயிற்சி உடம்பில் ஒட்டவில்லையோ?" என்றார். இந்தக் கேள்வியை நான் வாரந்தோறும் கேட்கிறேன். வலியைத் தேடிப் போய் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

லாக்டிக் அமிலம் தேங்கி வலிக்கிறது என்பார்கள். அப்படி இல்லை. பயிற்சியில் ஏறும் லாக்டேட் (அந்த அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். வலியோ மறுநாள்தான் தலைகாட்டி, மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். தசைக்குள் நுண்ணிய கிழிசல் உண்டாகிறது என்று 1902-லேயே அமெரிக்க உடலியல் அறிஞர் தியோடர் ஹஃப் எழுதினார். அந்தச் சேதத்தைச் சரிசெய்ய உடம்பு இறங்கும்போது நரம்பு முனைகள் கூசிப்போகின்றன, தொட்டாலே வலிக்கிறது.

தசை பாரத்தைத் தாங்கியபடியே நீளும்போதுதான் இது அதிகம். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, சரி. ஆனால் மறுநாள் தொடையைப் பிடித்துக்கொள்ள வைப்பது இறங்கியதுதான். டம்பெல்லையும் தூக்குவதைவிட மெல்ல இறக்குவதுதான் வலியைக் கொண்டுவரும்.

அப்புறம், தசை சீக்கிரம் பழகிவிடும். ஒரே ஒரு முறை செய்திருந்தாலும், சில வாரம் கழித்து அதையே செய்யும்போது வலி வெகுவாகக் குறையும். ஆக, வலி சொல்வதெல்லாம் 'இது எனக்குப் புதுசு' என்பதுதான். பலன் கிடைத்ததா என்று அதற்குத் தெரியாது.

அது தெரிவது நோட்டில். அந்த அம்மாவின் நோட்டைப் புரட்டிக் காட்டினேன். முதல் வாரம், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தது 8 முறை. மூன்றாவது வாரம் 14. தொடக்கத்தில் இப்படிக் கூடும் பலத்தில் பெரும்பங்கு, தசையை இயக்க நரம்புகள் பழகிக்கொள்வதால் வருவது. தசை பருக்க இன்னும் நாளாகும். எத்தனை முறை, எவ்வளவு எடை என்று தேதி போட்டு எழுதுங்கள், போதும்.

லேசான வலி இருந்தால் மெல்ல நடங்கள், கொஞ்சம் இதமாக இருக்கும். மூட்டில் சுருக்கென்று குத்தினால் நிறுத்திவிடுங்கள். கடும் வலியோடு தசை வீங்கி, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சிதைந்த தசையிலிருந்து கசிவது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.