கொட்டாய்க்கு யார் வந்து போகிறார்கள்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், தை மாசப் பனியில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாழப்பாடிப் பக்கத்து ஜனங்களுக்கும் வணக்கம். ‘விவசாயக் குடும்பம் மனசு நொடியாமல் இருக்க முதல் தேவை பணமா, மனிதர்களா?’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். நான் மனிதர்கள் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், ‘மரவள்ளிக்கு நல்ல விலை கொடுங்க, எல்லாரும் தானா சிரிப்பாங்க’ என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டார். நானும்தான் தட்டினேன். பத்து மாசம் நம்ம காட்டு நிலத்தில் கிடந்த கிழங்கை ஜவ்வரிசி மில்லில் இறக்கி, விலை போட மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்க்கிற நேரத்தில் வயிறு கலங்காத ஆள் இந்தப் பந்தலில் யாராவது உண்டா? ஆனால் ஐயா, விலை விழுந்தால் ஊருக்கே விழுகிறது. ஒரே விலைக்கு விற்ற இரண்டு பேரில் ஒருத்தர் மறுநாள் வரப்பில் நின்று நாலு பேரோடு சேர்ந்து மில்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த நடவுக்குக் குச்சி வெட்டப் போகிறார். இன்னொருத்தர் தன் காட்டு வீடான கொட்டாய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். இந்த இரண்டாவது ஆளைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை.

நம்ம பக்கம் பாதி ஊர் தெருவிலா இருக்கிறது? ஆளுக்கொரு காடு, காட்டுக்கு நடுவில் ஒரு கொட்டாய், அடுத்த கொட்டாயில் நாய் குரைத்தால்தான் அங்கே ஆள் இருப்பதே தெரியும். முன்னே கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்க ஆள் வேண்டும், அறுப்பு என்றால் நீ என் காட்டுக்கு நான் உன் காட்டுக்கு என்று போய்த்தான் ஆகவேண்டும். இப்போது சொட்டுநீர் போட்டாச்சு, மொபைல் ஸ்டார்ட்டர் வந்தாச்சு, கட்டிலில் படுத்துக்கொண்டே மோட்டாரைப் போடலாம். நல்லதுதான், கவலை இறைத்த காலத்துக்குத் திரும்பிப் போகலாம் என்று சொன்னால் முதலில் ஓடுவது நானாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேலையோடு சேர்ந்து வந்துபோன ஆளும் நின்றுபோனார், அந்த இடத்தில் வேறு யாரையும் நாம் கொண்டுவந்து வைக்கவில்லை. பிள்ளைகளோ திருப்பூரிலும் பெங்களூரிலும்.

பால் சொசைட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆறு மணிக்குப் பாலை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறோம், செயலாளர் சாம்பிள் எடுக்கிறார், அட்டையில் எழுதுகிறார், மொத்தம் ஒரு நிமிச வேலை. ஆனால் வரிசை நகரக் கால் மணி நேரம் ஆகும், அதற்குள் யார் மாடு சினை, யாருக்கு முட்டிவலி, எந்த வீட்டில் சண்டை என்று எல்லாம் பேசி முடிந்துவிடும். ஒருத்தர் ரெண்டு நாள் வராவிட்டால், ‘ஏப்பா, அந்த மாமாவைக் காணோமே?’ என்று யாராவது கேட்பார்கள், திரும்பும்போது ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். இப்போது பல பேருக்கு வண்டி கொட்டாய் வாசலுக்கே வந்து பாலை எடுத்துக்கொண்டு போகிறது. கால் வலிக்கவில்லை, சரி. ஆளைக் காணோமே என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

காசு பேசுகிற அண்ணனுக்குக் காசுக் கணக்கே ஒன்று சொல்கிறேன். மரவள்ளியில் மாவுப்பூச்சி வந்து தலைக்கொழுந்தெல்லாம் சுருண்டு நின்றதே, அதைத் தின்று அழிக்கிற ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து தருவித்து, 2022-ல் நம்ம ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வைத்தே விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். நாலு பேரோடு பழக்கம் இருந்தவர் காதுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும். கதவைச் சாத்திக்கொண்டவருக்கு யார் சொல்வது?

ஆம்பளைக்காவது டீக்கடை இருக்கிறது. கொட்டாயில் இருக்கிற அக்காவுக்கு? 1989-ல் பக்கத்துத் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழு ஆரம்பித்து அப்புறம் சேலத்துக்கும் வந்தபோது, சேமிப்புப் பணத்தைவிட அந்த வாரக் கூட்டத்துக்காகவே நடந்து வந்த பெண்கள் உண்டு. அதே கூட்டத்தைக் கடன் வசூலுக்கு வைத்துக்கொண்டு, ஒருத்தி தவணை கட்டும் வரைக்கும் மற்றவர்களை எழவிடாமல் உட்காரவைக்கிற கடன் கம்பெனி ஆட்களும் வந்துவிட்டார்கள். அது கூட்டமே கிடையாது ஐயா, பஞ்சாயத்து. நாலு பேர் கூடிவிட்டாலே நல்லது என்று நான் வாதாட வரவில்லை. வருசத்துக்கு ஒரு திருவிழா போதாதா என்று அண்ணன் கேட்டார். மே மாசம் ஏற்காட்டுச் சேர்வராயன் கோயிலுக்கு மலையே திரண்டு வருகிறது, பார்க்கக் கண் கொள்ளாது. மீதி மாசங்களுக்கு என்ன பதில்?

இப்போது கசப்பான கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி நாடு முழுக்க விவசாயத்தில் இருந்தவர்களில் 11,290 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். அதில் 6,083 பேர் கூலிக்காரர்கள். அண்ணன் கேட்கிற பயிர்க்கடன் தள்ளுபடி இவர்களில் எத்தனை பேர் வீட்டுப் படியேறும்? பட்டாவே இல்லையே! கூலியை உயர்த்துங்கள் என்பீர்கள், உயர்த்துங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் தற்கொலைக்கு முயன்று பிழைத்து வந்தவர்கூட போலீஸ் கேஸ் வருமோ என்று வாயைத் திறக்காமல் கிடக்கிறாரே? 2017-ல் வந்த மனநலச் சட்டம், அவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொண்டு, தண்டிக்காமல் பராமரிக்கச் சொல்கிறது. 14416 என்று ஒரு நம்பர் இருக்கிறது, டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இங்கே எத்தனை பேர் போனில் அது இருக்கிறது? உரக் கடை நம்பர் மட்டும் எல்லாரிடமும் இருக்கும். இப்பவே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், மணி அடிக்கும் வரைக்கும் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

‘கூட்டம் கூடினால் கடன் அடைஞ்சுடுமா?’ என்று அண்ணன் எழுந்து கேட்கப் போகிறார், முகத்திலேயே தெரிகிறது. அடையாது அண்ணா. ஆனால் இயற்கைச் சீற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிர் போய்விட்டதாகக் கணக்கெடுத்தால், பயிர்க்கடனை நீண்ட தவணைக் கடனாக மாற்றிக்கொடுக்க விதி இருக்கிறது. அந்த விதியைத் தெரிந்த ஒருத்தர், ‘வா மாமா, நானும் வரேன்’ என்று வண்டியில் ஏற்றி வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனால்தான் அந்தக் காகிதத்தில் கையெழுத்து விழும். அந்த ஒருத்தரைத்தான் எங்கள் அணி கேட்கிறது. மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.